‘ஐ கேம் மேடம்’: செங்கம் சாலைக் காலவழுவமைதி குறித்து ஓர் ஆய்வு

திருவண்ணாமலை செங்கம் சாலையில், சேஷாத்ரி ஆசிரமத்துக்கும் ரமணாசிரமத்துக்கும் முன்னும் பின்னுமாக நீளும் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரம், ஆங்கில மொழி வரலாற்றில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. மார்கழியில் தொடங்கி மாசி வரை நீளும் ‘சீசனில்’ இங்கே பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ரஷ்யர், கொரியர் எல்லாரும் ஆங்கிலத்தில் ஆட்டோ கூப்பிடுகிறார்கள். ஆட்டோக்காரர் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறார். இரு தரப்பிலும் அது யாருக்கும் தாய்மொழி இல்லை. அதனாலேயே யாருக்கும் கூச்சமும் இல்லை. சவாரி நடக்கிறது, கிரிவலம் நடக்கிறது, காய்கறி வாங்கப்படுகிறது. தகராறு வருவது ஒரே ஒரு துறையில்தான்: நேரம்.

தகராறின் வடிவம் மாறுவதே இல்லை. வாடகை வீட்டு வாசலில் நின்றபடி பயணி போன் செய்கிறார்: “வேர் ஆர் யூ?” மறுமுனையில் சற்றும் தயங்காமல் பதில் வருகிறது: “ஐ கேம் மேடம்.” மேடம் தெருவின் இரு முனைகளையும் பார்க்கிறார். ஒரு மாடு நிற்கிறது. ஆட்டோ இல்லை. மீண்டும் கேட்டால், “டென் மினிட்ஸ் மேடம்.”

வந்துவிட்ட ஒருவர் வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் எப்படி ஆகும்? ஐரோப்பியத் தர்க்க நூல்கள் இதற்கு உதவுவதில்லை. இக்கேள்விக்கு விடை தேடுவதும், கூடுதல் நேரம் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இந்தச் சாலைக்கு ஒத்துவரக்கூடிய ஆங்கிலத்தைப் பரிந்துரைப்பதும் இவ்வாய்வின் நோக்கம். களம், ஆசிரம வாசலுக்கு எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சுகள். கருவி, காது.

முந்தைய ஆய்வு என்று சொல்லத்தக்கது ஒரு நகைச்சுவைத் துணுக்குதான். ஐ.எஸ்.டி. என்றால் ‘இந்தியன் ஸ்டாண்டர்டு டைம்’ அல்ல, ‘இந்தியன் ஸ்ட்ரெச்சபிள் டைம்’ என்பார்கள். சீசன்தோறும் மொட்டைமாடிகளில் யாராவது ஒருவர் இதைத் தாமே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். மற்றவர்களும் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள். கோட்பாட்டளவில் இது பலவீனமானது. நேரம் இழுபடும் என்கிறதே ஒழிய, எதற்கு இழுபடும், எதற்கு ஒரு நிமிடம்கூட இழுபடாது என்று சொல்லவில்லை.

அதைவிட வலுவான வாதம் ஒன்று வானவியலிலிருந்து கிடைக்கிறது. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், அலகாபாத்துக்கு அருகில். திருவண்ணாமலை இருப்பது ஏறக்குறைய 79 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்குப் போட்டால், அண்ணாமலையாரின் சூரியன் கைக்கடிகாரத்தைவிட ஏறத்தாழ 14 நிமிடம் பின்தங்கி வருகிறது. இது சராசரிதான். சூரியனும் ஆண்டு முழுக்கக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை: நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திக்கொள்ளும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் தாமதிக்கும். ஆக, சீசன் முடியும் தறுவாயில், பிப்ரவரி நடுவில், திருவண்ணாமலையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 28 நிமிடத்துக்கு. அன்று 12 மணிக்கு வரச்சொன்ன ஆட்டோ 12.28-க்கு வந்தால், அது இயற்கையோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போகிறது என்றே கொள்ளவேண்டும். கடிகாரம்தான் அவசரப்பட்டுவிட்டது.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் இதைக் கைவிட வேண்டியிருக்கிறது. காரணம், இதே பகுதியில் கிடைக்கும் எதிர்ச்சான்றுகள்.

முதல் எதிர்ச்சான்று ரமணரேதான். ஆசிரமத்தில் வாழ்ந்து அவர் வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் ஆர்தர் ஆஸ்போர்ன், ரமணரின் அன்றாட ஒழுங்கைப் பார்த்து வியந்து சில விவரங்களைப் பதிந்திருக்கிறார். ஹாலில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. இரண்டும் தினமும் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டன. நாள்காட்டியில் தேதி ஒருநாளும் பின்தங்கியதில்லை. காலத்தைக் கடந்தவர் என்று உலகம் தேடிவந்த ஒருவர், காலத்தை வானொலியோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மொட்டைமாடி நகைச்சுவையாளர்கள் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது எதிர்ச்சான்றுக்கு நான்கு கால். 1926-இல் ஆசிரமத்துக்கு வந்து 1948 ஜூன் 18 அன்று மறைந்த பசு லட்சுமி, சாப்பாட்டு நேரத்துக்கு ஹாலுக்கு வந்து ரமணருக்கு முன்னால் உணவுக்கூடம் வரை நடந்துபோவாள். ரமணர் வேறு ஏதாவது வேலையில் ஆழ்ந்து மணியைக் கவனிக்காமல் இருந்தாலும், லட்சுமி வந்தால் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அவ்வளவு கணக்காக வந்தாளாம். வேளை தவறாத மாடு இருந்த ஊர், வேளை தெரியாத ஊராக இருக்க வாய்ப்பில்லை.

ஆசிரமத்தில் இன்றும் மதியச் சாப்பாடு 11.30. அதை ‘லெவன் தர்ட்டி-இஷ்’ என்று புரிந்துகொண்டு நிதானமாக வந்தவர்கள் இலைகள் எடுக்கப்படும் காட்சியைக் கண்டிருக்கிறார்கள். பௌர்ணமி வந்தால், கிரிவலத்துக்கு உகந்த நேரம் இன்ன மணி இன்ன நிமிடத்தில் தொடங்கி இன்ன நிமிடத்தில் முடிகிறது என்று கோயில் நிர்வாகம் அறிவிக்கிறது. அதைப் பேப்பரில் படித்துவிட்டு, சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்து பிடித்து வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. அர்த்தநாரீசுவரர் ஓரிரு நிமிடம் வெளியே வந்து காட்சி தரவும், 2,668 அடி மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படவும், கீழே லட்சக்கணக்கான தலைகள் ஒருசேர நிமிரவும் வேண்டும். அந்த 6 மணி 6.10 ஆவதில்லை. ராகுகாலம் வேறு இருக்கிறது. திங்கட்கிழமை 7.30-க்குத் தொடங்குகிறதென்றால், 7.25-க்கு வண்டியைக் கிளப்பி வாசல் தாண்டிவிடுகிற ஓட்டுநர், எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன சவாரிக்கு எட்டரைக்கு வருகிறார். இரண்டும் ஒரே ஆள், ஒரே செல்போன் கடிகாரம்.

இங்கிருந்துதான் இவ்வாய்வின் கருதுகோள் பிறக்கிறது. செங்கம் சாலையில் நேரம் இரண்டு வகைப்படும்: காத்திருக்காதவற்றின் நேரம், காத்திருப்பவர்களின் நேரம். தீபம், ராகுகாலம், பந்தி, முகூர்த்தம், விமானம் ஆகியவை முதல் வகை; அவற்றோடு பேரம் பேச முடியாது. மனிதர்கள் இரண்டாம் வகை. காத்திருப்பார்கள். கோபித்துக்கொண்டாலும் காத்திருப்பார்கள். கடைசியில் ஒரு டீயும் வாங்கித் தருவார்கள். முதல் வகைக்குத் தமிழில் ‘டாண்ணு ஆறு மணிக்கு’ என்ற சொல்லாட்சி இருக்கிறது. இரண்டாம் வகைக்கு ‘ஆறு மணி வாக்கில்’ இருக்கிறது. பத்திரிகைத் தமிழில் அது ‘மணியளவில்’ என்று வேட்டி கட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் எது என்று தமிழ்க் குழந்தைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ரயிலுக்கு ‘வாக்கில்’ போகக்கூடாது, வரவேற்புக்கு ‘டாண்ணு’ போனால் நாற்காலி துடைக்க வைத்துவிடுவார்கள் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. வெளியூர்க்காரருக்குத்தான் சிக்கல். ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்த இரண்டு அடையும் கழன்று விழுந்து, வெறும் ‘சிக்ஸ் ஓ க்ளாக்’ மட்டும் மிஞ்சுகிறது.

இனி ‘ஐ கேம்’.

இதைப் பிழையான ஆங்கிலம் என்று ஒதுக்குகிறவர்கள் தொல்காப்பியம் படிக்கவில்லை. சொல்லதிகாரத்தின் வினையியலில் இதற்கு ஒரு நூற்பாவே இருக்கிறது. இனி நடக்கப்போவதையும், நடந்துகொண்டிருப்பதையும் இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் காட்டுவதற்காக என்பது அதன் சாரம். காலம் பிறழ்ந்ததால் வழு. காரணம் தக்கதாக இருப்பதால் அமைதி. ஆகவே காலவழுவமைதி. உரைகாரர்கள் இதற்குக் காட்டும் சூழல் செங்கம் சாலைக்கு மிக நெருக்கமானது. புறப்பட அவசரப்படும் ஒருவன், இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்கிறான். கேட்கப்பட்டவன் இன்னும் உண்ணத் தொடங்கவே இல்லை. ஆனாலும் உண்டுவிட்டேன், வந்துவிட்டேன் என்கிறான். பாதிச் சாப்பாட்டில் இருப்பவனும் அதையேதான் சொல்வானாம். தொடங்காதவன், பாதியில் இருப்பவன் இருவருக்கும் ஒரே விடை என்பதை உரையாசிரியர்கள் எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள்! இன்றும் போனில் ‘தோ வந்துட்டேன்’ கேட்டால், ஆட்டோ பெருந்தெருவில் இருக்கிறதா, ஷெட்டில் இருக்கிறதா, ஓட்டுநர் பல் விளக்கிக்கொண்டிருக்கிறாரா என்று இலக்கணப்படி பிரித்தறிய வழியில்லை. பின்னால் வந்த நன்னூல், விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் காலம் பிறழ்வதற்குக் காரணங்களாக ஒரே நூற்பாவில் தொகுத்தது. அனுபவமுள்ள ஓட்டுநர் நான்கையும் ஒரே அழைப்பில் கையாள்வார்.

ஆகவே ‘ஐ கேம்’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவசரத்தை இலக்கண சுத்தமாகத் தெரிவிக்கிறார். ஆங்கிலத்தில் அந்த இலக்கணம் இல்லாதது அவர் குற்றமன்று. அந்த மொழி நிகழ்காலத்தை எதிர்காலத்துக்குக் கடன் கொடுக்கும். ‘ஐ ஆம் கமிங்’ என்றால் நாளைக்கு வருவதாகவும் இருக்கலாம். இறந்தகாலத்தை மட்டும் கடன் கொடுக்காது. அதே அவசரத்தையும் அதே ஆறுதலையும் தரும் இயல்பான ஆங்கிலம் வேண்டுமென்றால், இவ்வாய்வு பரிந்துரைப்பது ‘ஆல்மோஸ்ட் தேர்’. இதில் பல நன்மைகள். காலமே இல்லை, வினையும் இல்லை. ‘ஆல்மோஸ்ட்’ எவ்வளவு என்று எந்த நீதிமன்றத்திலும் அளக்க முடியாது.

‘ஆன் மை வே’ என்பதைப் பரிந்துரைக்கத் தயக்கம் இருக்கிறது. வண்டி கிளம்பியிருந்தால் மட்டுமே அது உண்மை. வெளிநாட்டுப் பயணிகள் அதை அப்படியே நம்பி, செருப்பு மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுகிறார்கள். ‘ரன்னிங் எ பிட் லேட்’ நாணயமானது. அதில் நிமிடக் கணக்கு இல்லை. தாமதம் ஏதோ இயற்கை நிகழ்வு போலவும் ஒலிக்கிறது. ‘டென் மினிட்ஸ்’ விஷயத்தில் தேவையானது சின்னஞ்சிறு திருத்தம்தான்: ‘டென் மினிட்ஸ் ஆர் ஸோ’. இந்த ‘ஆர் ஸோ’ தமிழின் ‘வாக்கில்’ என்பதற்குச் சம்பந்தி முறை. அதைச் சேர்த்துவிட்டால் எட்டு நிமிடமும் அடங்கும், நடுவில் ஒரு டீ குடித்தால் இருபத்தைந்தும் அடங்கும். கேட்பவர் மனத்தில் அலாரம் அடிக்காது.

‘ஜஸ்ட் நௌ’ ஆபத்தானது. இந்தியர் ‘ஜஸ்ட் நௌ வென்ட்’ என்றால் இப்போதுதான் போனார் என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் ‘ஜஸ்ட் நௌ’ என்றால் பிறகு, எப்போதாவது என்று பொருள். தென்னாப்பிரிக்கப் பயணி ஒருவர் ‘ஐ வில் கம் ஜஸ்ட் நௌ’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஓட்டுநரின் டீசலுக்கு யார் பொறுப்பு?

ஜெர்மானியர்களின் புகார்களைத் தனியாகக் கவனிக்கவேண்டும்; நேரந்தவறாமை பற்றி அதிகம் முணுமுணுப்பவர்கள் அவர்கள்தான் என்று சாலையில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அவர்களுடைய பல்கலைக்கழகங்களில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வகுப்பு ‘10 சி.டி.’ என்று போட்டிருந்தால் அது 10.15-க்குத் தொடங்கும். அந்த எழுத்துகள் ‘நேரத்தோடு’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். கால்மணி நேரச் சலுகை அதில் அடக்கம். சலுகை இல்லாமல் டாண்ணு பத்துக்கே வேண்டுமென்றால் ‘எஸ்.டி.’ என்று போடவேண்டும். அதாவது ‘வாக்கில்’, ‘டாண்ணு’ என்ற நம் பாகுபாட்டை லத்தீனில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் தங்கள் ஒப்புதல் செய்திகளில் ‘5 சி.டி.’ என்று போடத் தொடங்கினால், ஜெர்மானியப் பயணிகளுக்கேனும் மனக்கசப்பு குறையும். வாட்ஸ்அப்பில் இடமும் குறைவாகவே பிடிக்கும்.

‘ப்ரீபோன்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலைச் சவாரியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி ஓட்டுநர் ‘ப்ரீபோன் மேடம்’ என்றால், இது இந்தியர்கள் கட்டிய சொல் என்று பயணி புன்னகைப்பார். 1913-இலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்று, ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இதை முன்மொழிந்திருக்கிறது. அமெரிக்கர்கள் பயன்படுத்தாமல் விட்டதை நாம் எடுத்துவைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். நிற்க.

கூடுதல் நேரம் பற்றிய ஆங்கிலத்தில் மிகவும் குழப்புவது ‘ஆன் டைம்’, ‘இன் டைம்’ என்ற இரட்டையர். பள்ளிக்கூடத்தில் இவற்றை விளக்கப் பேருந்தையும் மழையையும் வைத்துச் செயற்கையான வாக்கியங்கள் எழுதிப்போடுவார்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. உள்ளூர் வரலாற்றிலேயே தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. பதினாறு வயது வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), பள்ளியில் 12 மணிக்குச் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்புகிறான். அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறான். ரயிலும் 12 மணிக்கு. (அந்தக் காலத்தில் இந்திய ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படி, நாடு முழுமைக்கும் பொதுவான நேரம் 1906 ஜனவரி 1 முதல்தான் வந்தது.) ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது 12 மணி தாண்டிவிட்டது. ஆனால் ரயிலும் தாமதம். பையன் டிக்கெட் வாங்கி ஏறிவிட்டான்.

மொழியியல் கண்கொண்டு பார்க்கலாம். பையன் ‘ஆன் டைம்’ வரவில்லை. ரயிலும் ‘ஆன் டைம்’ வரவில்லை. ஆனால் பையன் ‘இன் டைம்’ வந்தான். அட்டவணை சொன்ன நேரத்துக்கு ஒத்துப்போவது ‘ஆன்’, காரியம் கெடுவதற்கு முன் போய்ச் சேர்வது ‘இன்’. இரு தரப்பும் தாமதமாகி, எவருக்கும் நஷ்டமில்லாமல் முடிந்த இந்த நிகழ்வைப்போல் அந்த வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டும் இன்னொன்று ஆங்கில இலக்கண நூல்களில் கிடைப்பது அரிது. ரயில் அன்று 12-க்கே கிளம்பியிருந்தால் இந்தப் பகுதிக்கு ரமண நகர் என்ற பெயரும் இருந்திருக்காது, இவ்வாய்வின் களமும் இருந்திருக்காது என்பதால், இந்தியரின் தாமதத்தைப் பழிக்கும் பயணிகள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

அதே பயணம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. வீட்டிலிருந்த பழைய நிலவரைபடத்தில் திருவண்ணாமலைக்கு அருகில் ரயில் நிலையம் என்று காட்டப்பட்டிருந்தது திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே பாதை போட்டுவிட்டது வரைபடத்துக்குத் தெரியாது. வேங்கடராமன் 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். மிச்சம் மூன்றணா. வண்டியில் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கி மாறலாம் என்று தெரிந்தது. பிறகு மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து நடை, அரகண்டநல்லூர், கீழூர், அடகு வைத்த கடுக்கன், மீண்டும் ரயில். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. கூடுதல் நேரம் என்பது கடிகாரத்தில் மட்டும் ஒதுக்குவதல்ல, வரைபடம் பொய்த்துப்போனால் நடப்பதற்கும் ஒதுக்குவது என்று இன்றைய டாக்ஸி ஓட்டுநர்கள் அனைவரும் அறிவார்கள்.

டாக்ஸிதான் கடைசித் தரவு. இங்கே இரு தரப்பின் நிலையும் தலைகீழாகிறது. மீனம்பாக்கத்திலிருந்து இரவு 2 மணிக்கு விமானம் என்றால், மூன்று மணி நேரம் முன்னதாகப் போனால் போதும் என்பது பயணியின் கணக்கு. செஞ்சி, திண்டிவனம் வழியாக நான்கு மணி நேரம், ஆக இரவு 7 மணிக்குக் கிளம்பலாம் என்கிறார். அதுவரை எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் அடக்கிய ஓட்டுநர் இப்போது நிமிடங்களை மூட்டை மூட்டையாகக் கேட்கிறார். ஆத்தூர் டோல்கேட், பரனூர் டோல்கேட், செங்கல்பட்டில் லாரி, பெருங்களத்தூரில் ஊருக்குத் திரும்பும் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வேறு. “ஃபைவ் ஓ க்ளாக் மேடம். ட்ராஃபிக்.” விமானம் காத்திருக்காதவற்றின் வகை; இதில் அவர் ராகுகாலக் கண்டிப்போடு இருக்கிறார். ‘ட்ராஃபிக்’ என்ற ஒற்றைச் சொல் இங்கே ஒரு முழு வாக்கியத்தின் வேலையைச் செய்கிறது. அதன் விரிவான ஆங்கிலம்: ‘லெட்ஸ் அலௌ ஆன் எக்ஸ்ட்ரா டூ அவர்ஸ், ஜஸ்ட் இன் கேஸ்.’ இதைச் சொல்லிப் பழகினால் பயணி உடனே ஒப்புக்கொள்வார். ‘ஜஸ்ட் இன் கேஸ்’ கேட்டால் ஆங்கிலம் அறிந்த எவரும் மறுப்பதில்லை. அதில் ஒரு பெரிய மனிதத்தனம் இருக்கிறது.

பேரம் ‘சிக்ஸ்-இஷ்’ என்று முடிவதும் உண்டு. ‘-இஷ்’ எந்தப் பக்கம் சாயும் என்பதை அகராதிகள் சொல்வதில்லை. பயணிக்கு அது 6.20 பக்கம் சாய்கிறது. ஓட்டுநருக்கு, சவாரி சந்தைக்கு என்றால் 6.40 பக்கமும் விமானத்துக்கு என்றால் 5.30 பக்கமும் சாய்கிறது. எனவே விமானப் பயணங்களில் ‘-இஷ்’ தவிர்க்கப்படவேண்டும். ‘நோ லேட்டர் தேன் சிக்ஸ்’ என்பதே பாதுகாப்பான வழக்கு. பெட்டிகளைக் கட்டி முடிக்காத பயணியை அது கொஞ்சம் அதட்டுவதுபோல் ஒலிக்கும். அதட்டட்டும்.

பிறகு நடப்பது இதுதான்: திண்டிவனத்தில் சாலை காலி, டோல்கேட்டில் வரிசை இல்லை, பெருங்களத்தூர் தூங்குகிறது, இரவு 9.45-க்கெல்லாம் விமான நிலையம். செக்-இன் கவுன்ட்டர் இன்னும் திறக்கவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ‘வித் டைம் டு ஸ்பேர்’ என்று அழகான தொடர் இருக்கிறது. பயணி அதைச் சற்று அழுத்தியே சொல்கிறார். அந்த ‘ஸ்பேர்’ நேரத்துக்கான பார்க்கிங் கட்டணம் வாடகையில் சேர்த்தியா, தனியா என்பதில் மட்டும் இரு மொழியாளர்களும் இன்னும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை.